பாலம் தாண்டி ஹைகிரவுண்டுக்கு

திருநெல்வேலியின் மருத்துவ வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் அகத்தியரிலிருந்து தொடங்குவார்கள். இல்லையென்றால் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து. சுலோசன முதலியாரிலிருந்து யாரும் தொடங்குவதில்லை. அவர் வைத்தியர் அல்ல. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். தாமிரபரணிக்கு ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். மறுகரையில் கும்பினிப் பட்டாளமும் பாதிரிமார் பங்களாக்களும் இருந்த பாளையங்கோட்டை. நடுவில் போக்குவரத்துக்குப் படகுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கரைபுரண்டால் அதுவும் கிடையாது. முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. பின்னாளில் பெரிய ஆஸ்பத்திரியும் சித்த மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டைப் பக்கமே அமைந்துவிட, டவுன்காரர்களுக்கு வைத்தியம் என்றாலே பாலம் தாண்டுகிற வேலை என்று ஆயிற்று.

இந்த வட்டாரத்தில் வைத்தியத்தின் கதை பெரும்பாலும் தூரத்தின் கதைதான். எந்த முறை சிறந்தது என்ற வாதமெல்லாம் நோய் இல்லாதவர்களுக்கு. நோயாளி வீட்டாருக்கு முதல் கேள்வி, பொழுது விடிவதற்குள் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்பது.

பக்கத்தில் கிடைத்தது நாட்டு வைத்தியம். பொதிகை மலையின் அடிவாரத்தில் மூலிகைக்குப் பஞ்சமில்லை. கஷாயத்துக்கும் சூரணத்துக்கும் பரம்பரை வைத்தியர், சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் வர்ம ஆசான், பிரசவத்துக்கு மருத்துவச்சி என்று ஊருக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருந்தது. நாள்பட்ட நோய்க்குக் கைகொடுத்த அந்த ஏற்பாடு, ஊரே படுத்துக்கொள்ளும் நோய் வந்தபோது கையைப் பிசைந்தது. வெள்ளைக்காரத் துரைகளின் நிலைமையும் அப்படியொன்றும் மேல் அல்ல. அவர்கள் பெரிதும் நம்பிய மருந்து குற்றாலம். சாரல் விழத் தொடங்கியதும் பாளையங்கோட்டையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு அருவிப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். காற்று மாறினால் காய்ச்சல் தீரும் என்று ஐரோப்பாவே நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு பெரிய சோதனை 1809 முதல் 1811 வரை வந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு விஷக் காய்ச்சல் பரவி, ஜனங்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சென்னை அரசாங்கம் மருத்துவர்கள் அடங்கிய ஒரு குழுவை அனுப்பியது. அதன் அறிக்கை 1816-ல் லண்டனில் புத்தகமாகவே அச்சானது. பருவம் தப்பிக் கொட்டிய மழை, ஈரம் வற்றாத நிலம், அதிலிருந்து கிளம்பும் கெட்ட ஆவி என்ற திசையில்தான் குழுவின் சிந்தனை போயிற்று. தண்ணீரைச் சரியாகவே சுட்டினார்கள். தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் நடுவே பறந்துகொண்டிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை. மலேரியாவைச் சுமப்பது கொசு என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிய 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நோய்க்குத் தண்ணீர் துணைபோகும் என்பது தாமிரபரணிக் கரைக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும் வயல்கள். சீமைக்குச் சோறு போட்ட அதே தண்ணீர் வீட்டு வாசல் வரை வந்து நின்றது. மேலூர்க்காரர் குளித்துத் துவைத்த வாய்க்காலில்தான் கீழூர்க்காரர் குடத்தை முக்கினார். வாந்திபேதி ஓர் ஊரில் புகுந்தால் கால்வாயோடு போய் அடுத்த ஊரைப் பிடித்தது. திருவிழாக் கூட்டம் அதை இன்னும் தூரம் கொண்டுபோயிற்று. 1939-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. சந்தைக்கும் திருவிழாவுக்கும் அதில் தனியாக ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் பின்னால் திருச்செந்தூர் போன்ற ஊர்களின் நீண்ட அனுபவம் இருக்கிறது.

மிஷன் ஆஸ்பத்திரி ஆற்றின் மேல்பகுதியில் முதலில் வரவில்லை. செழிப்பான வயல்காட்டை விட்டுவிட்டு, கீழே தேரி மணலும் பனங்காடும் தொடங்குகிற இடத்தில் வந்தது. நாசரேத்தில் 1870-ல் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தின் மிஷனரியான டாக்டர் ஸ்ட்ராச்சன் தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய தூய லூக்கா மருத்துவமனை. பனையேறிகளின் சீமை அது. அதிகாலையிலும் அந்தியிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் ஏறியவர்களுக்கு வைத்தியர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார் என்பது சின்ன விஷயமல்ல. ஸ்ட்ராச்சன் பிறகு ரங்கூனுக்கு பிஷப்பாகப் போய்விட்டார். 1876-ல் வந்த மர்காஷிஸ் ஐயர் என்ற மிஷனரி 1908-ல் சாகும்வரை அங்கேயே இருந்து, தாதுவருஷப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு விடுதி, கைத்தொழில் பள்ளி என்று ஊரையே கட்டி எழுப்பினார். நாசரேத்துக்காரர்கள் அவரை ஊரின் தந்தை என்று சொல்வதில் மிகை இருப்பதாகத் தெரியவில்லை.

மதத்தைப் பரப்பத்தானே மருந்து கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அதற்காகவும்தான். ஆனால் ஒரு குறையைச் சொல்வதென்றால் வேறொன்றைச் சொல்லலாம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே பாடம் நடத்தி மருத்துவர்களை உருவாக்கினார். நெல்லைச் சீமையில் அச்சுக்கூடமும் பள்ளிக்கூடமும் நடத்திய மிஷன்கள் அந்த வழியில் போகவில்லை. இங்கே மேல்நாட்டு மருத்துவம் வேறு பாஷை பேசும் விருந்தாளியாகவே நெடுநாள் இருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு நடுவேயும் தூரம் அதிகம். 1838-லேயே ராம்சே என்ற மருத்துவர் வேலை தொடங்கிய நெய்யூர், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. டோனாவூரில் பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் களக்காட்டுக்குப் போனார். அங்கே ஒரு சிறு வைத்தியசாலைக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. அவரை லாரியில் ஏற்றி நெய்யூருக்குத்தான் கொண்டுபோனார்கள். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் மருத்துவராக இருந்த ஆஸ்பத்திரி அது. அதன்பின் ஏமி அம்மையார் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் கழித்தார். ஆள் பலமும் வண்டியும் இருந்தவருக்கே இந்தப் பாடு.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் சுவாரசியமான திருப்பம். சென்னையில் 1920-களில் அரசு தொடங்கிய இந்திய வைத்தியப் பள்ளி பின்னர் கல்லூரியாக வளர்ந்து, கடைசியில் 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறியது. தலைநகரில் அலோபதி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-ல், சித்த மருத்துவத்துக்கென்று அரசுக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னையில் அல்ல, பாளையங்கோட்டையில். அடுத்த ஆண்டே, 1965-ல், அதே பாளையங்கோட்டையின் ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. சென்னைக்கு ஓர் அரசு சித்த மருத்துவக் கல்லூரி கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஆக, ஓராண்டு இடைவெளியில் ஒரே ஊரில் இரண்டு கல்லூரிகள். ஒன்றில் ஏட்டுச் சுவடியின் வழிவந்த நாடி பார்த்தல், மற்றதில் ஸ்டெதாஸ்கோப். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டன என்று சொல்ல முடியாது. பேச வைத்தவர்கள் நோயாளிகள்தான். மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் சித்தா ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குபவர், நெஞ்சு வலித்தால் ஹைகிரவுண்டுக்கு ஆட்டோ பிடிப்பார். அவருக்கு இதில் கொள்கைக் குழப்பம் ஏதும் இல்லை.

ஆஸ்பத்திரியின் அரசாங்கப் பெயர் பலகையில் இருக்கும். ஜனங்கள் வாயில் அது ஹைகிரவுண்டு. “ஹைகிரவுண்டுல சேத்துருக்காவ” என்றால் விஷயம் கொஞ்சம் கனமானது என்று அர்த்தம். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும், கோவில்பட்டியிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் இங்கேதான் வந்துகொண்டிருந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்த பிறகே பாரம் சற்று இறங்கியது. 2019 ஜனவரியில் உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவுக்கெனத் தனிக் கட்டடமும் திறக்கப்பட்டது.

தூரத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தவர் ஒரு கண் மருத்துவர். கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். அன்று அது நெல்லைச் சீமை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை செய்யப் பழகியவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அதன் கிளை திருநெல்வேலிக்கு வந்தது, இந்தத் தடவை டவுன் பக்கத்துக் கரையில். நோயாளி வரட்டும் என்று அங்கே காத்திருக்காமல் மருத்துவர்கள் கிராமத்துக்கே போனார்கள். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ முகாம். புரை முற்றியவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, அறுவை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவது. சிகிச்சை இலவசம் என்றாலே போதும், ஜனங்கள் வருவார்கள் என்ற நினைப்பு இங்கேதான் உடைந்தது. பஸ் காசும், துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும்தான் பல கிழவிகளைக் கண் தெரியாமல் வீட்டில் உட்கார வைத்திருந்தன.

2012 கோடையில் காய்ச்சல் மறுபடி வந்தது, இம்முறை டெங்கு. சிற்றாற்றுப் பாசனப் பகுதியான கடையநல்லூர் வட்டாரம் பலமாக அடிபட்டது. 1811-ன் குழு தேங்கிய வயல் தண்ணீரைப் பார்த்துப் பயந்தது. டெங்குக் கொசுவோ குடத்திலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. குழாய்த் தண்ணீர் நாள் தவறி வரும் ஊரில் தண்ணீரைச் சேமிக்காதே என்று யாரிடம் சொல்வது? அந்த ஆண்டு அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரை ஆஸ்பத்திரிகளில் கொடுக்கச் சொன்னது. நிலவேம்பு, வெட்டிவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயம் அது. காய்ச்சல் வார்டில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, வெளியே கஷாயத்துக்கு வரிசை நின்றது. கஷாயம் காய்ச்சல்காரருக்குத் தெம்பாக இருக்கலாம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழும்போது காப்பாற்றுவது சலைன்தான். இதை அழுத்திச் சொல்ல அன்று பலர் தயங்கினார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. அங்கே மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது; அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. செங்கோட்டையிலோ சங்கரன்கோவிலிலோ விபத்தில் தலையில் அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றினால், தென்காசியில் முதலுதவி கொடுத்து, மேல்சிகிச்சைக்கென்று எழுதுவது பெரும்பாலும் ஹைகிரவுண்டுக்குத்தான். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். கையில் காசு இருப்பவர்களில் சிலர் ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் பக்கம் போய்விடுவதும் உண்டு. தென்காசிக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை, மாவட்டம் பிறந்த நாளிலிருந்தே மனுவாகப் போய்க்கொண்டிருக்கிறது.