ஞாயிற்றுக்கிழமையின் விலை

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி அட்லாண்டிக் கடலைத் தொடும் தென்முனையில் இருக்கிறது கோனி ஐலண்ட். பெயரில் தீவு இருந்தாலும் இன்று அது நிலத்தோடு சேர்ந்துவிட்ட கடற்கரை. 1897இல் ஜார்ஜ் டில்யூ என்பவர் அங்கே ஓரிடத்தை வேலியிட்டு அடைத்து, வாசலில் 25 சென்ட் கட்டணம் வைத்து, ஸ்டீபிள்சேஸ் பார்க் என்னும் கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கினார். 1903இல் இரண்டரை லட்சம் மின்விளக்குகளோடு லூனா பார்க் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ட்ரீம்லேண்ட் வந்தது. கடலும் மணலும் மட்டுமே இருந்த இடத்தில் ராட்டினங்களும் நடனக் கூடங்களும் வரிசையாக எழுந்தன.

இந்தப் பூங்காக்களின் வரலாறு பெரும்பாலும் முதலாளிகளின் சாமர்த்தியமாகவோ இயந்திரங்களின் அதிசயமாகவோதான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே போன பெண்களின் பக்கம் நின்று பார்த்தால் கதை மாறுகிறது. ஒருநாள் ஓய்வுக்காக ஓர் உழைக்கும் பெண் என்னென்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அந்தக் கதை.

அந்தப் பெண்கள் யார்? பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே தையல் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போனவர்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாளும் உறுதியில்லை. ட்ரையாங்கிள் என்ற சட்டை ஆலையில் சிறுமியாக வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் தொழிற்சங்கத் தலைவரான பாலின் நியூமன் ஓர் அறிவிப்பை நினைவுகூர்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராதவர்கள் திங்கட்கிழமையும் வரத் தேவையில்லை என்று ஆலையில் எழுதி வைத்திருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை என்பது இந்தப் பெண்களுக்கு நாட்காட்டி தானாகக் கொண்டுவந்து கொடுத்த நாளில்லை.

சேடி ஃப்ரௌன் என்ற பதினாறு வயதுத் தையல் தொழிலாளியின் வாழ்க்கைக் குறிப்பு 1902இல் ஒரு நியூயார்க் வார இதழில் வெளியானது. போலந்தில் பிறந்தவர், நியூயார்க்குக்கு வந்த பின் தாயையும் இழந்தவர். இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அவசரத்தில் ஊசி விரலில் ஏறிவிடும் என்கிறார். அதே குறிப்பில், கோனி ஐலண்டுக்கு நடனமாடப் போவதையும் சொல்கிறார். உடைக்கு அதிகம் செலவழிப்பதாகச் சில பெண்கள் தன்னைக் குறை சொல்வதையும் மறைக்கவில்லை. ஊசி ஏறிய விரலையும் ஆடிய காலையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தச் சிறுமியின் குரல் எனக்கு முக்கியமானது. வறுமையைச் சொல்லும்போது மட்டுமே ஏழைப் பெண்ணுக்குக் காது கொடுப்பதும், அவள் தன் ஆசையைச் சொன்னதும் முகம் சுளிப்பதும் அன்றும் இருந்தது.

ஆனால் ஆசை இருந்த அளவுக்குக் கையில் காசு இல்லை. வரலாற்றாசிரியர் கேத்தி பெய்ஸ் 1986இல் வெளியிட்ட ஆய்வுநூல், இந்தப் பெண்களின் ஓய்வுநேரத்தை விரிவாகப் பேசுகிறது. மகள்கள் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். மகன்களோ வீட்டுச் செலவுக்கென ஒரு தொகையைத் தந்துவிட்டு மீதியைத் தங்கள் பையில் வைத்துக்கொள்வார்கள். போதாததற்கு, ஆண்களை விடப் பெண்களுக்குக் கூலியே குறைவு. எனவே கோனி ஐலண்டுக்குப் போகும் பெண் வண்டிச் சத்தத்துக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு தோழிகளோடு கிளம்புவாள். அங்கே போனபின் ராட்டினத்துக்கும் நடனத்துக்கும் தின்பண்டத்துக்கும் யாராவது ஓர் ஆண் செலவழிக்க வேண்டும். இதற்கு ‘ட்ரீட்டிங்’ என்று பெயர். செலவழித்தவன் பதிலுக்கு ஒன்றை எதிர்பார்ப்பான். ஒரு சிரிப்பா, ஒரு முத்தமா, அதற்கும் மேலா என்பதைப் பெண் ஒவ்வொரு முறையும் பேசியும் பேசாமலும் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. தோழிகளோடு கூட்டமாகப் போனது மகிழ்ச்சிக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான்.

டில்யூ இந்தப் பேரத்தை நன்றாகப் புரிந்துகொண்ட வியாபாரி. 1907இல் பூங்கா தீப்பிடித்து எரிந்தபோது, புகையும் இடிபாடுகளைப் பார்க்க 10 சென்ட் கட்டணம் வைத்தவர் அவர். அடுத்த ஆண்டே இரும்பும் கண்ணாடியும் கொண்டு பெரிய கூடம் எழுப்பினார். அங்கிருந்த விளையாட்டுகள் பலவும் அந்நியரான ஆணையும் பெண்ணையும் ஒருவர்மேல் ஒருவர் விழவைப்பதற்காகவே அமைக்கப்பட்டவை. சுழலும் பீப்பாய்க்குள் நடந்தால் கால் நிற்காது. சுழல்தட்டில் உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே குவியலாகச் சரிவார்கள். பூங்காவுக்குப் பெயர் தந்த மரக்குதிரைப் பந்தயத்தில், சரிவான தண்டவாளத்தில் ஓடும் ஒரே குதிரைமேல் ஆணும் பெண்ணும் நெருங்கி உட்காரலாம். வீட்டுத் திண்ணையில் அனுமதிக்கப்படாத நெருக்கத்தை, இயந்திரத்தின்மேல் பழிபோட்டு அனுபவிக்க முடிந்தது.

குதிரையிலிருந்து இறங்குபவர்கள் வெளியேற ஒரு மேடையைக் கடந்தாக வேண்டும். அங்கேதான் விலையின் மறுபாதி காத்திருந்தது. தரையிலிருந்த துளைகள் வழியே திடீரெனக் காற்று பீறிட்டுப் பெண்களின் பாவாடையை மேலே தூக்கும். கோமாளி ஒருவன் மின்கோலை நீட்டி அவர்களை விரட்டுவான். மேடைக்கு எதிரே வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவற்றில் நிறைந்திருந்த கூட்டம் பார்த்துச் சிரிக்கும். மேடையைக் கடந்ததும் அந்தப் பெண்ணும் போய் உட்கார்ந்து, அடுத்து வரும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம்.

இந்தக் காட்சியைப் பற்றி எழுதியவர்களில் பலர் இதை விக்டோரிய ஒழுக்கத்திலிருந்து கிடைத்த விடுதலை என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கணுக்கால் தெரிந்தாலே குடும்ப மானம் போய்விடும் என்று வளர்க்கப்பட்டவள், பாவாடை பறந்த பிறகும் உலகம் அப்படியே இருப்பதைக் கண்டாள். கூச்சத்தைச் சிரித்துக் கடந்தாள். ஆனால் காற்றைத் திறந்துவிடும் விசை அவள் கையில் இல்லை. எப்போது, யார்முன், எவ்வளவு என்பதை இன்னொருவர் முடிவுசெய்தார். டில்யூ அவளிடம் நுழைவுச்சீட்டையும் விற்றார், அவளையே காட்சியாக்கி மற்றவர்களுக்கும் விற்றார். அடுத்தவளைப் பார்த்துச் சிரிக்கும் இடம் கிடைத்ததாலேயே அது சமத்துவம் ஆகிவிடாது. மாமியாரிடம் பட்டதை மருமகளுக்குத் திருப்பித் தரும் வீட்டு நியதியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிரிப்பின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. கோனி ஐலண்டின் குளியல் கூடங்கள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அதே கடற்கரையில், திரையில் இருந்த ஓட்டை வழியே தலையை நீட்டி நிற்கும் கறுப்பின ஆணின் மேல் பந்தெறிவது ஒரு விளையாட்டாக நடந்தது. புலம்பெயர்ந்து வந்த வெள்ளைத் தொழிலாளிப் பெண் அங்கே சிரிப்புப்பொருளாகவும் பார்வையாளராகவும் இருக்க முடிந்தது. கறுப்பினப் பெண்ணுக்கு நாற்காலி வரிசையிலும் உரிமையான இடமில்லை.

லூனா பார்க்கிலும் ட்ரீம்லேண்டிலும் இன்னொரு காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. பல மாடிக் கட்டடத்துக்குத் தீ வைப்பார்கள். ஜன்னலில் ஆட்கள் அலறுவார்கள், தீயணைப்பு வண்டிகள் பாய்ந்து வரும், கீழே வலை விரிப்பார்கள், மேலிருந்து ஆட்கள் குதிப்பார்கள். எல்லோரும் பிழைப்பார்கள். அடுத்த காட்சிக்குக் கட்டடம் மீண்டும் தயாராகும். நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள், தங்கள் அன்றாட பயத்தையே காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

1909 நவம்பர் 22 அன்று நியூயார்க்கில் நடந்த கூட்டமொன்றில், தலைவர்களின் நீண்ட பேச்சுகளைப் பொறுக்காமல் கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல் தொழிலாளி எழுந்து, யிட்டிஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார். இருபதாயிரம் பேரின் எழுச்சி என்று வரலாறு அதை அழைக்கிறது. நல்ல கூலியோடு வாரத்துக்கு 52 மணி நேர வேலையும் கோரிக்கையாக இருந்தது. பல ஆலைகள் இறங்கிவந்தன. ட்ரையாங்கிள் முதலாளிகள் சங்கத்தை ஏற்கவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் அந்த ஆலையில் தீப்பற்றியது. எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் ஆலை. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற சந்தேகமே பூட்டுக்குக் காரணம். தீயணைப்பு ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. ஜன்னலிலிருந்து பெண்கள் குதித்தார்கள். கீழே விரித்த வலைகள் கிழிந்தன. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிசம்பரில் முதலாளிகள் இருவரும் விடுதலையானார்கள். 1914இல் சிவில் வழக்குத் தொடுத்த 23 குடும்பங்களுக்கு, ஓர் உயிருக்கு 75 டாலர் என்ற கணக்கில் இழப்பீடு கிடைத்தது.

ட்ரையாங்கிள் தீக்கு இரண்டு மாதம் கழித்து, மே 27 அன்று ட்ரீம்லேண்டே எரிந்து சாம்பலானது. அங்கே மார்ட்டின் கௌனி என்பவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டிவந்தார். மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வசதி இல்லாத காலம். பெற்றோரிடம் காசு வாங்குவதில்லை. பார்க்க வருபவர்களின் கட்டணத்தில்தான் செவிலியர் சம்பளமும் தாய்ப்பால் தரும் பெண்களின் செலவும் நடந்தன. அந்தத் தீயில் குழந்தைகள் அனைவரையும் காப்பாற்றிவிட்டார்கள். சமூகம் பொறுப்பேற்க மறுத்த உயிர்களையும் ஒரு கேளிக்கைச் சீட்டுதான் காத்தது என்பதைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கத்தோடு சொல்வதா?

ட்ரையாங்கிள் தீயை நேரில் பார்த்தவர்களில் பிரான்சிஸ் பெர்கின்ஸ் ஒருவர். 1912இல் நியூயார்க் மாநிலம் பெண்களுக்கு வாரம் 54 மணி நேர வேலை வரம்பைச் சட்டமாக்க, அவர் கடுமையாகப் பாடுபட்டார். பழம், காய்கறி பதனிடும் ஆலைப் பெண்கள் முதலில் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. 1933இல் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சராகித் தொழிலாளர் துறையை ஏற்றார். அவர் பதவியிலிருந்த 1938இல் குறைந்தபட்ச ஊதியமும் வேலைநேர வரம்பும் நாடு முழுமைக்கும் சட்டமாயின. வீட்டுவேலை செய்பவர்களும் விவசாயக் கூலிகளும் அப்போதும் விடுபட்டார்கள். கறுப்பினப் பெண்களில் மிகப் பலர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். கடற்கரையின் வேலி சட்டத்துக்குள்ளும் தொடர்ந்தது.

1920இல் சுரங்க ரயில் 5 சென்ட்டுக்குக் கோனி ஐலண்ட் வரை வந்தது. 1923இல் கடலோரம் மரப்பலகை நடைபாதை திறக்கப்பட்டது. காசில்லாதவர்களும் கடலைப் பார்த்தபடி நடக்க ஒரு பொதுவழி கிடைத்தது. ஸ்டீபிள்சேஸ் 1964இல் மூடப்பட்டது. இடத்தை வாங்கிய கட்டட அதிபர் ஃபிரெட் டிரம்ப், 1966இல் விருந்து வைத்து, விருந்தினர்களின் கையில் செங்கல்லைக் கொடுத்து, கூடத்தின் கண்ணாடியில் எறியச் சொன்னார். பூங்கா போய்விட்டது. நடைபாதை இன்னும் இருக்கிறது.

இந்தப் பெண்கள் கூலிக்காகப் போராடியதை நாம் மதிப்போடு படிக்கிறோம். நடனமாடப் போனதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறோம். வேலைநேரத்தைக் குறை என்று அவர்கள் கேட்டபோது, மிச்சமாகும் அந்த நேரத்தில் என்ன செய்வது என்ற கனவும் அவர்களிடம் இருந்தது. அதில் கடல் இருந்தது, தோழிகள் இருந்தார்கள், புதுத் தொப்பி இருந்தது. பெண்ணின் ஓய்வு என்பது வேலையெல்லாம் முடித்தபின் மிஞ்சினால் எடுத்துக்கொள்ளும் சில்லறை அல்ல. அதையும் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். சொந்தக் காசில் சீட்டு வாங்கி, யாருக்கும் சிரிப்பைக் கடன்படாமல், இருட்டியபின் பயமின்றி வீடு திரும்பும் ஒரு நாள் என்று அதைத் தெளிவாகவே எழுத வேண்டும்.