எண்ணுக்குள் அடங்காத நடுக்கம்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

நிலநடுக்கச் செய்தி ஒவ்வொன்றும் ஓர் எண்ணோடு வருகிறது. அதைக் கொண்டே எது பெரிது, எது சிறிது என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். அளவு, தீவிரம் என்னும் இரு சொற்களையும் ஒன்றாகவே வழங்குகிறோம். அவை ஒன்றல்ல.

1935இல் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் வகுத்தது அளவு. ஒரு நடுக்கத்துக்கு ஓர் எண். ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். மெர்காலி மரபில் வந்தது தீவிரம். பாத்திரம் ஆடியதா, சுவர் பிளந்ததா, மனிதர் நிற்க முடிந்ததா என்று அது கேட்கும். விடை ஊருக்கு ஊர் மாறும். 1993இன் லாத்தூர் நடுக்கம் 6.2, 2001இன் பூஜ் நடுக்கம் 7.7. ஆற்றலில் 170 மடங்குக்கு மேல் வேறுபாடு. ஆயினும் லாத்தூரில் மாண்டோர் சுமார் 10,000 பேர். நடுக்கம் ஆழமற்றது, நேரம் விடியலுக்கு முன், வீடுகள் கல்லும் மண்ணும்.

கோலார் தங்கவயல் இவ்வேறுபாட்டின் எல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. தாது அகற்றிய வெற்றிடத்தைச் சுற்றி அழுத்தம் குவிந்து, தாங்காத கணத்தில் பாறை வெடித்துச் சிதறும். மைசூர் அரசின் நிலவியலாளர் ஸ்மீத் 1904இல் எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே ‘ஏர் பிளாஸ்ட்’, ‘குவேக்’ என்னும் இரு சொற்களும் இடம்பெற்றன. ஒன்று வெடிப்பைச் சொல்கிறது. மற்றொன்று நடுக்கத்தைச் சொல்கிறது.

இத்தகைய அதிர்வுகளை 1965இல் அமைந்த கௌரிபிதனூர் நிலநடுக்க ஆய்வு நிலையம் தொலைவிலிருந்தே பதிந்தது. அங்கே அது ஒரு கோடு. மேலே நகரில் வீடுகளின் ஆட்டம். கீழே, வெடிப்புக்குச் சில மீட்டர் தள்ளி நின்றவருக்கு மரணம். அளவில் சிறிய நடுக்கமே அருகிலிருந்தவருக்கு மிகக் கொடியதாயிற்று. மெர்காலி அட்டவணையோ தரைமேல் வாழ்வோரை எண்ணி எழுதப்பட்டது; சுரங்கத்துள் நிற்பவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

அவ்வாறு நின்றவர்களுள் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. அளவைக் கருவி தரும். தீவிரத்தை மனிதர்தாம் சொல்ல வேண்டும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கீழே இறங்கியவர்கள் முதுமையடைந்துவிட்டனர். அவர்தம் சொற்களைத் திரட்டாதவரை, தங்கவயல் நடுக்கங்களின் வரலாறு பாதி மட்டுமே எழுதப்பட்டதாகும். இது நிலவியலாளர் பணி மட்டுமன்று. மொழியியல் மாணவர் பணியுமாகும்.