தூக்குமேடையிலிருந்து அறுவை மேசைக்கு

கொலையாளியைத் தூக்கிலிட்டால் மட்டும் போதாது என்று 1752இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவு செய்தது. அந்த ஆண்டின் கொலைச் சட்டப்படி, உயிர் போன உடலை மருத்துவர்கள் அறுக்க வேண்டும். இல்லையேல் ஊரறியச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். அறுக்காமல் புதைக்கவே கூடாது. இறுதித் தீர்ப்பு நாளில் உடலோடு எழுவோம் என்று நம்பிய மக்களைச் சாவைவிட இதுவே அதிகம் நடுங்க வைத்தது. லண்டன் டைபர்ன் தூக்குமேடையடியில் பிணத்துக்காக உறவினர்களும் மருத்துவர்களின் ஆட்களும் அடித்துக்கொண்டார்கள்.

மருத்துவப் பள்ளிகள் பெருகின. தூக்கில் கிடைத்த உடல்கள் போதவில்லை. பிணத் திருடர்கள் கிளம்பினார்கள். சட்டத்தின் கண்ணில் பிணம் யாருடைய சொத்தும் அல்ல. அதை எடுப்பது சிறு குற்றம்தான்; சவத்துணியை எடுத்தாலோ திருட்டு. அதனால் கைதேர்ந்தவர்கள் தலைமாட்டுப் பக்கம் மட்டும் தோண்டி, சவப்பெட்டியின் மூடியை உடைத்து, கயிறு கட்டி உடலை மேலே இழுப்பார்கள். துணியை உருவிக் குழிக்குள்ளேயே போட்டு மண்ணைத் தள்ளிவிடுவார்கள். பணம் உள்ளவர்கள் கல்லறைமேல் இரும்புக் கூண்டு பூட்டினார்கள்.

1827இன் இறுதியில் எடின்பரோவில் வில்லியம் ஹேரின் விடுதியில் வாடகை பாக்கியோடு ஒரு முதியவர் இறந்தார். ஹேரும் வில்லியம் பர்க்கும் அந்த உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறுப் பள்ளியில் 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். காசு ருசி கண்டவர்கள், ஓராண்டுக்குள் 16 பேரைக் கொன்றார்கள்.

அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி ஹேர் தப்பினார். 1829 ஜனவரி 28 அன்று பர்க் தூக்கிலிடப்பட்டார். அவர் உடலும் அறுவை மேசைக்கே போனது. எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடல்களை விலைகொடுத்து வாங்கிய நாக்ஸ்மீது வழக்கே இல்லை.

1832இல் வந்த உடற்கூறியல் சட்டம், கொலையாளியை அறுக்கும் தண்டனையை ஒழித்தது. அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தது? ஏழைகள் விடுதியிலும் மருத்துவமனையிலும் இறந்து, கேட்பாரற்றுக் கிடந்தவர்களை. கொலைக்கு விதித்திருந்த அவமானம் வறுமையின் தலையில் விழுந்தது. அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு இறந்த தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம், தன் உடலை அறுத்துப் பாடம் நடத்தும்படி தானே உயில் எழுதி வைத்திருந்தார். அவர் விரும்பிக் கொடுத்த அந்தச் சம்மதம், உயிரோடிருக்கும்போதே எழுத்தில் பெறவேண்டிய கட்டாய விதியாக இங்கிலாந்தில் மாறியது 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டத்தில்தான். இடையில் 172 ஆண்டுகள்.