செல்போனுக்கு விரல் பூட்டா, நம்பர் பூட்டா? சட்டம் சொல்வது என்ன?

செல்போனை விரல் வச்சும் திறக்கலாம், ரகசிய நம்பர் போட்டும் திறக்கலாம். நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஏதாவது வழக்கில் சிக்கி, போன் போலீசார் கைக்கு போய்விட்டால் இரண்டும் ஒன்றல்ல. விரல் உடம்பில் இருக்கிறது. நம்பர் மனசுக்குள் இருக்கிறது. கோர்ட்டுகள் பார்க்கும் வித்தியாசம் அதுதான்.

கைரேகை சாட்சி அல்ல

குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை, அவருக்கு எதிராக அவரையே சாட்சி சொல்ல வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3)-வது பிரிவு. கைரேகை எடுப்பது இதில் வருமா? வராது என்று 1961-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் கூறிவிட்டது. தனக்கு தெரிந்ததை வாயால் சொல்வதும், எழுதிக் கொடுப்பதும்தான் சாட்சி. கைரேகை வெறும் அடையாளம்.

அப்படின்னா நம்பர்? அதை வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்! இங்கேதான் குழப்பம்.

மாறுபட்ட தீர்ப்புகள்

2021-ல் போதைப்பொருள் வழக்கு ஒன்றில் கர்நாடக ஐகோர்ட்டு, பாஸ்வேர்டு கொடுப்பதும் கைரேகை கொடுப்பது மாதிரிதான் என்றது. ஆனால் அவசர நேரம் தவிர மற்றபடி போனை சோதிக்க கோர்ட்டு வாரண்டு வேண்டும், அதில் இருக்கும் சொந்த விஷயங்களை கோர்ட்டு அனுமதி இல்லாமல் அடுத்தவருக்கு கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது.

2022-ல் டெல்லி சி.பி.ஐ. தனிக்கோர்ட்டு இதற்கு நேர்மாறாக கூறியது. கைரேகையை வாங்கலாம், பாஸ்வேர்டை சொல்லச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது என்பது அந்த உத்தரவு. 2023-ல் டெல்லி ஐகோர்ட்டும், பாஸ்வேர்டு தரவில்லை என்பதற்காக குற்றம் சாட்டப்பட்டவரை நிர்ப்பந்திக்க முடியாது என்று கூறி ஜாமீன் கொடுத்தது.

அமெரிக்காவிலும் இதே இழுபறிதான். 2014-ல் வர்ஜீனியா மாநில கோர்ட்டு ஒன்று விரல் வைக்கச் சொல்லலாம், நம்பர் கேட்கக் கூடாது என்றது. 2025 ஜனவரியில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு, கட்டைவிரலை வைத்து திறக்க கட்டாயப்படுத்தியதே தப்பு என்று தீர்ப்பு கூறியது.

என்ன செய்யலாம்?

* போனை 'ஸ்விட்ச் ஆப்' செய்து 'ஆன்' செய்தால் முதல் தடவை விரலோ, முகமோ செல்லாது. நம்பர்தான் கேட்கும்.

* பிறந்த தேதி, 1234 மாதிரி நம்பர் வேண்டாம். 6 இலக்கம் நல்லது.

* சோதனை போட்டு போனை எடுத்தால், எடுத்த பொருள் பட்டியலின் நகலை கேட்டு வாங்குங்க. கைதானால் வக்கீலிடம் பேசுவது உங்கள் உரிமை.

* பயந்துபோய் போனில் இருப்பதை அழிக்காதீங்க. சாட்சியத்தை அழிப்பது தனி குற்றம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாக கூறியிருக்கிறார்கள். ஏழை, பணக்காரன் பார்க்காத உரிமை அது. உங்க பாக்கெட்டில் இருக்கும் போனுக்கும் அது பொருந்தும்.