கோர்வென் ஊரின் பழைய விடுதி

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் மதுவிற்கும் விடுதியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவது முறையாகுமா என்று அன்பர் சிலர் ஐயுறலாம். மலர்க் குழுச் செயலாளரும் என்னை அவ்வாறே வினவினார். பிரிட்டனில் 'பப்ளிக் ஹவுஸ்' என வழங்குவது நம் ஊர்க் கள்ளுக்கடை போன்றதன்று. முற்காலத்தில் அது வழிப்போக்கர் தங்கும் சத்திரம். குதிரை மாற்றும் இலாயம். சந்தை நாளில் விலை பேசி முடிக்கும் கூடம். ஊரார் கூடி வழக்குரைக்கும் மன்றம். மதுவும் அங்கே விற்கப்பட்டது. அத்தகைய விடுதி ஒன்றில் 1789-ஆம் ஆண்டு கூடிய கூட்டமொன்று, ஆதரவிழந்து நின்ற ஒரு மொழிக்குப் புதிய அவையைத் தேடித் தந்தது. ஆதலின் இதற்கு நம் மலரில் இடம் உண்டு என வாதாடினேன், செயலாளரும் இசைந்தார்.

வேல்ஸ் நாட்டின் வடபகுதியில், டீ ஆற்றங்கரையில், உயர்ந்த குன்றின் அடிவாரத்தில் அமைந்த சிறு சந்தை ஊர் கோர்வென். மலைநாட்டு மாடுகளை இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிச் செல்வோர் கூடித் தங்கியதால் வளர்ந்த ஊர் அது. ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்த ஓவைன் கிளிண்டூர் என்னும் தலைவன், 1400-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் வேல்ஸின் இளவரசனாகத் தன்னை அறிவித்துக்கொண்டது இதன் அண்மையிலேயே. ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் விடுதிக்கு அவன் பெயரே வழங்குகிறது. அருகிலுள்ள தேவாலயக் கல்லொன்றில் சிலுவை வடிவக் கீறல் ஒன்று உண்டு. சினங்கொண்ட ஓவைன் குன்றின்மேல் நின்று எறிந்த குத்துவாளின் தழும்பே அது என்பர் ஊரார். கல்லை ஆராய்ந்தோர் அச்சிலுவை அவனுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது என்கின்றனர். ஆராய்ச்சி வந்தும் கதை ஊரைவிட்டுப் போகவில்லை.

வேல்ஸ் மக்களின் மொழி ஆங்கிலத்தின் கிளையன்று. தனக்கென நெடிய இலக்கிய மரபுடையது. புலவர் ஒன்று கூடிப் போட்டியிடும் அவைக்கு அம்மொழியில் 'ஐஸ்டெத்வோத்' என்று பெயர். 'அமர்தல்' என்பது அதன் பொருள். 1176-ஆம் ஆண்டில் ரீஸ் என்னும் சிற்றரசன் கார்டிகன் கோட்டையில் அத்தகைய பேரவை ஒன்றைக் கூட்டிப் புலவர்க்கும் இசைவாணர்க்கும் பரிசளித்தான். பின்னர்க் காலம் மாறியது. 1536-இல் இயற்றப்பட்ட சட்டம் நீதிமன்றத்திலும் அரசு அலுவலிலும் ஆங்கிலத்தை அமர்த்தியது. மேற்குடியினர் மெல்ல மெல்ல ஆங்கிலவயமாயினர். புரவலரை இழந்த புலவர் கோட்டையிலிருந்து விடுதிக்கு இறங்கி வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பஞ்சாங்கத்தில் அறிவிப்புச் செய்துவிட்டு, ஏதோ ஒரு விடுதியில் சிலர் கூடி, குடித்தும் ஒருவரையொருவர் வசைபாடியும் கலைவதே ஐஸ்டெத்வோத் என்றாயிற்று. சில வேளைகளில் ஒரே மேசையைச் சுற்றி எல்லாப் புலவரும் அமர்ந்துவிடலாம்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் பிரபுவல்லர், பேராசிரியருமல்லர். கோர்வெனில் கலால் இலாகாவில் வேலை பார்த்த தாமஸ் ஜோன்ஸ் என்னும் சாதாரண உத்தியோகஸ்தர் அவர். அக்காலக் கலால் உத்தியோகஸ்தர்களுக்கு மதுப்பீப்பாய்களை அளந்து வரி விதிப்பது தொழில். விடுதிகளும் விடுதிக்காரர்களும் அவருக்குப் பழக்கமாயிருந்ததில் வியப்பில்லை. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கணக்கெழுதிவிட்டு மாலையில் தாய்மொழிப் பாட்டைத் தேடிப் போகும் மனிதரை நம்மில் பலர் எளிதில் அடையாளம் காண்போம். பணமும் பெயரும் இல்லாமல் அவை சிறக்காது என்று உணர்ந்த அவர், இலண்டன் மாநகரில் வாழ்ந்த தம் நாட்டவரின் உதவியை நாடினார்.

இலண்டனில் 1770-ஆம் ஆண்டு தோன்றிய சங்கம் 'குவினெதிகியன்'. வட வேல்ஸிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் கூட்டிய சங்கம் அது. அதற்கும் சொந்தக் கட்டடம் கிடையாது. வால்புரூக் தெருவில் 'காளைத் தலை' என்ற பெயருடைய விடுதியில் கூடுவர். (நமக்குக் கட்டடம் இல்லையே என ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வருந்தும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்க.) அதன் தூண் போன்றவர் ஓவைன் ஜோன்ஸ். கோர்வெனுக்கு அண்மைச் சிற்றூரில் 1741-இல் பிறந்து, இலண்டனில் விலங்குத் தோல் வாணிகக் கடையில் வேலைக்கு அமர்ந்து, பின் அத்தொழிலிலேயே செல்வரானவர். ஊர்ப் பெயரின் ஒரு பகுதியைத் தம் பெயரோடு சேர்த்து ஓவைன் மவிவிர் என்று தம்மை அழைத்துக்கொண்டார். ஈட்டிய பொருளைப் பழஞ்சுவடிகளைப் படியெடுத்து அச்சேற்றுவதில் செலவிட்டார். இடைக்காலப் பெரும்புலவர் டாவித் ஆப் குவிலிம் பாடல்கள் அவர் முயற்சியால் அச்சில் வந்ததும் அதே 1789-ஆம் ஆண்டிலேதான்.

அவ்வாண்டு மே மாதம் கோர்வென் விடுதியில் அவை கூடியது. புலவர் மட்டுமன்றிப் பொதுமக்களும் வந்து கேட்கலாம் என்றது அன்றைய புதுமை. போட்டியில் முன்னின்றவர் மூவர். லாங்கொலன் ஊர் ஜொனதன் ஹியூஸ், அறுபத்தெட்டு வயது முதியவர். டூம் ஓர் நாண்ட் எனப்பட்ட தாமஸ் எட்வர்ட்ஸ், ஐம்பது வயதை ஒட்டியவர். மரம் ஏற்றும் வண்டியோட்டிப் பிழைத்தவர். தெருக்கூத்து எழுதி ஆடி மக்கள் மனத்தைக் கொள்ளைகொண்டவர். மூன்றாமவர் குவால்டர் மெகைன் என்ற வால்டர் டேவிஸ். இருபத்தேழு வயது இளைஞர். கொடுத்த பொருளில் உடனுக்குடன் பாட வேண்டும். நடுவர்களால் யார் சிறந்தவர் என முடிவு செய்ய இயலவில்லை. பாடல்கள் இலண்டன் சங்கத்தின் தீர்ப்புக்கு அனுப்பப்பட்டன. இளைஞரே வென்றார் என்று சங்கம் தீர்ப்பளித்தது.

டூம் ஓர் நாண்டின் அன்பர்கள் கொதித்தனர். இலண்டன் சங்கத்துள்ளேயே டேவிட் சாம்வெல் என்னும் மருத்துவர் தீர்ப்பை ஏற்க மறுத்தார். அவர் கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில் உடன் சென்று, குக் ஹவாய்த் தீவில் கொல்லப்பட்ட நிகழ்ச்சியை நூலாக எழுதியவர். தம் கைப்பணத்தில் டூம் ஓர் நாண்டுக்கு வெள்ளிப் பேனா ஒன்றைப் பரிசளித்தார். மருத்துவர் பிறந்த நாண்ட்கிளின் பகுதியிலேதான் டூமும் வளர்ந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ப்பற்று எந்தச் சங்கத்தில் இல்லை?

ஆனால் இதனினும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. பாட வேண்டிய பொருள்களைத் தாமஸ் ஜோன்ஸ் அவ்விளைஞருக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தார் என்று வரலாற்றாளர் கூறுகின்றனர். மொழிக்காக உழைத்தவரே அவையின் நேர்மைக்கு ஊறு செய்தார். நல்ல பணி செய்தவர் என்பதற்காக இதனை மறைப்பது வரலாறு ஆகாது. இக்குறைக்காக அவர் செய்த பணியைத் தள்ளுவதும் நியாயமன்று. வென்ற இளைஞர் திறமையற்றவரும் அல்லர். ஆக்ஸ்போர்டில் பயின்று, பாதிரியாராகி, 1849 வரை வாழ்ந்து, தம் நாட்டு இலக்கியத்துக்குப் பெருந்தொண்டு ஆற்றினார். எனினும் வண்டியோட்டிக் கவிஞரின் பக்கமே என் மனம் சாய்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் பாலா என்னும் ஊரில் கூடிய அவைக்குப் பொருள் முன்னதாகவே எல்லாருக்கும் அறிவிக்கப்பட்டது. அங்கும் குவால்டர் மெகைனே வென்றார்! 1790-இல் செயின்ட் ஆசஃபில் நடந்த போட்டிக்குப் பொருள் 'விடுதலை'. பிரெஞ்சுப் புரட்சி தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது.

கோர்வென் விடுதிக்கு அதன்பின் வேறு வகை வாழ்வு வந்தது. பொறியாளர் டெல்ஃபோர்டு இலண்டனிலிருந்து ஹோலிஹெட் துறைமுகம் வரை செப்பனிட்ட பெருஞ்சாலை இவ்வூர் வழியே சென்றது. 1854-இல் வேல்ஸைச் சுற்றிப் பார்த்த எழுத்தாளர் ஜார்ஜ் பாரோ லாங்கொலனிலிருந்து பத்து மைல் நடந்து, பிற்பகல் இரண்டு மணியளவில் இவ்விடுதிக்குள் நுழைந்து, ஒரு மணி நேரம் இளைப்பாறிச் செய்தித்தாள் படித்துவிட்டுப் போனார். ஓவைனின் ஊரில் ஓவைன் பெயரால் விடுதி இருப்பது பொருத்தமே என அவருக்குத் தோன்றியது.

1864, 1865-ஆம் ஆண்டுகளில் இரண்டு திசைகளிலிருந்து இரயில் வந்தது. 1881-இல் வேல்ஸ் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடும் சட்டமும் வந்தது. தேவாலயப் பற்று மிக்க மக்கள் ஐஸ்டெத்வோத்தை விடுதியிலிருந்து முற்றும் பிரித்தெடுத்துப் பெரும் பந்தலுக்குக் கொண்டு சென்றனர். 1919-இல் தேசிய ஐஸ்டெத்வோத் கோர்வெனுக்கே வந்தபோது, அவ்வளவு மக்களுக்கு விடுதிக் கூடம் எங்கே போதும்?

இரயில்வேக்காரன் இரயிலைப் பற்றி ஒரு சொல் கூறாமல் முடிப்பது தகாது. 1964 டிசம்பர் வெள்ளத்தில் அப்பகுதி இருப்புப்பாதை அரிக்கப்பட்டது. முன்பே மூட முடிவு செய்திருந்த பாதையாதலால் அதன்மேல் கோர்வெனுக்குப் பயணி வண்டி ஓடவில்லை. பின்னர் ஆர்வலர் கூடி, லாங்கொலனிலிருந்து தண்டவாளத்தைச் சிறிது சிறிதாகத் தாமே நீட்டினர். 2014-இல் ஊரின் விளிம்பில் தற்காலிக நிலையம் வரை வந்தனர். 2023-இல் கோர்வென் சென்ட்ரல் என்னும் நிலையத்தைத் திறந்தனர். அங்கே இறங்கிச் சதுக்கத்துக்கு நடந்தால், 2007-இல் நிறுவிய ஓவைனின் வெண்கலச் சிலை குதிரைமேல் வாளேந்தி நிற்கிறது. அதே சதுக்கத்தில் அந்த விடுதியும் நிற்கிறது.