திராட்சைக் கொடியின் பூஞ்சை எதிர்ப்புப் பொருள்கள்

பூஞ்சை தாக்கியதும் திராட்சைக் கொடி தன் இலையிலும் காயிலும் அவசரமாகச் சுரக்கும் தற்காப்புப் பொருள்கள் ஸ்டில்பீன்கள். இவற்றின் அடிப்படை ரெஸ்வெரட்ரால். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று பேசுவோர் வாயில் அடிபடும் அதே பொருள். போட்ரைட்டிஸ் பூஞ்சை தொற்றிய இலைகளிலும் புற ஊதா ஒளி பட்ட இலைகளிலும் அது உண்டாவதை லாங்கேக், பிரைஸ் என்ற இருவர் 1976-இல் காட்டினார்கள்.

ரெஸ்வெரட்ரால் தனியே பெரிய நஞ்சல்ல. அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து வினிஃபெரின் ஆகும்போதுதான் அடிச்சாம்பல் நோய்க் கிருமியின் நீந்தும் வித்துகள் முடங்குகின்றன. (வகைப்பாட்டின்படி அந்தக் கிருமி பூஞ்சையே அல்ல, பழக்கத்தில் அப்படிச் சொல்கிறோம்.) நோய் தாங்கும் ரகங்கள் இந்த இணைப்பைச் சட்டென முடித்துவிடுகின்றன. தாங்காத ரகங்களோ ரெஸ்வெரட்ராலோடு சர்க்கரையைச் சேர்த்துப் பைசீடாக்கி வைக்கின்றன. பைசீடால் கிருமிக்குக் கெடுதல் ஏதுமில்லை. சுரக்கும் அளவை மட்டும் பார்த்து ஒரு ரகத்தை மெச்சுவது அதனால் தவறு.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. போட்ரைட்டிஸ், லாக்கேஸ் என்னும் நொதியால் ரெஸ்வெரட்ராலைச் சிதைக்கிறது. காய் பழுக்கப் பழுக்க அதன் சுரக்கும் திறனும் குறைவதால், அறுவடை நெருங்கும் வேளையில் அழுகல் எளிதில் பரவுகிறது.

இக்குடும்பத்தில் வீரியம் மிக்கது டெரோஸ்டில்பீன். ரெஸ்வெரட்ராலைவிடப் பூஞ்சையை வலுவாகத் தடுக்கும். திராட்சையில் இது சொற்பமே. ஆனால் சந்தவாசலுக்கு மேலே எழும் ஜவ்வாது மலைக் காடுகளில் வளரும் வேங்கையின் வைரக்கட்டையில் உண்டு. நீரிழிவுக்காரர்கள் இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் வேங்கைக் குவளை அந்தக் கட்டையில் கடைந்ததுதான்.

திராட்சையின் ஸ்டில்பீன் மரபணுவைப் புகையிலைக்கு மாற்றி, போட்ரைட்டிஸை அது கூடுதலாகத் தாங்குவதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1993-இல் மெய்ப்பித்தார்கள். தேனி மாவட்டத் தோட்டங்களுக்கு இந்த அறிவு இன்னும் மருந்தாக வந்து சேரவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம். அடிச்சாம்பலுக்கு எளிதில் இரையாவது. ஆண்டு முழுதும் அறுவடை நடக்கும் பள்ளத்தாக்கில் ஏதாவதொரு தோட்டத்தில் இளந்தளிர் இருந்துகொண்டே இருக்கும். மழை பெய்தால் நோய்க்குக் கொண்டாட்டம். கவாத்து முடிந்து தளிர் விட்டதும் உழவர் நம்புவது, 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தலா ஒரு கிலோ கலந்த போர்டோ கலவையை. அது இலையின் மேற்பரப்போடு நிற்கும். பெருமழை அடித்துக் கழுவினால் மறுபடி தெளிக்க வேண்டும்.