மஞ்சுஸ்ரீ பிரதி எடுத்த சுவர்கள்

எல். டி. பி. மஞ்சுஸ்ரீ (1902–1982) இலங்கை விகாரைகளின் சுவரோவியங்களைத் தாளில் பிரதி எடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஓவியர். அளுத்கமவில் பிறந்து, சிறுவயதிலேயே துறவு பூண்டவர். 1932இல் சீனமொழி கற்கச் சாந்திநிகேதன் சென்றவரை அங்கிருந்த ஓவியச் சூழல் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. நாடு திரும்பியதும் விகாரை விகாரையாகச் சென்று, காவியுடையிலேயே சுவர்முன் அமர்ந்து வரையத் தொடங்கினார்.

அவர் வரைந்தவற்றில் பெரும்பங்கு கண்டி மரபைச் சேர்ந்தது. நாயக்க வம்சத்து அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) விகாரைகளைப் புதுப்பித்தபோது இம்மரபு தழைத்தது. கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவ விகாரை அதன் சிகரம். கேகாலை மாவட்டத்தின் தனகிரிகல விகாரையிலும் இம்மரபைக் காணலாம்.

இவ்வோவியங்களில் நிழலும் ஆழமும் இல்லை. சிவந்த தளத்தில் உருவங்கள் நிற்கும். வெற்றிடமெல்லாம் பூக்கள் தூவப்பட்டிருக்கும். மரத்தின் இலைகளை ஓவியர் ஒவ்வொன்றாக எழுதுவார். நெளிகோடும் மீனும் தாமரையும் சேர்ந்தால் அது ஆறு. ‘லியவெல’ என்னும் கொடி ஓரமெங்கும் ஓடும். பூவிலிருந்து பெண் எழுவது ‘நாரிலதா’. கழுத்துப் பின்னிய இரட்டை அன்னம் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் இயற்கையை அப்படியே காட்டாமல், பார்த்தவுடன் பொருள் விளங்கும் குறியாக்கிய கலை இது. நம் கோலத்தையும் சேலைக்கரையையும் அறிந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. செம்மைக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு மரப்பிசின், வெண்மைக்கு வெண்களி, கருமைக்கு விளக்குக்கரி என்று வண்ணங்களும் மண்ணிலும் மரத்திலும் இருந்தே வந்தன.

தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி இம்மரபின் கலைகளையும் கைவினைகளையும் 1908இல் பெருநூலாக்கினார். அச்சானவை 425 பிரதிகளே. மஞ்சுஸ்ரீ அந்தப் பணியைத் தூரிகையால் தொடர்ந்தார் எனலாம். பழைய சுவர்கள் மழையிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் மறைந்துகொண்டிருந்த காலம் அது. பிந்தியிருந்தால் பல கோடுகள் மிஞ்சியிரா.

1943இல் அவர் இலங்கையின் நவீன ஓவியர்கள் அமைத்த ‘43 குழு’வின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவரானார், பின்னர் துறவைத் துறந்தார். அவருடைய சொந்த ஓவியங்கள் கனவுருவங்கள் நிறைந்த நவீனப் பாணியின. ஆனால் பெயர் நிலைத்தது பிரதிகளால்தான். அவற்றிலிருந்து தேர்ந்த பூ, கொடி, பறவை வடிவங்கள் 1977இல் நூலாயின. 1979இல் அதே பணிக்காக மகசேசே விருது கிடைத்தது.